மூன்றாம் வாரத்துக்காரி

பிப்ரவரி 11

கல்லூரி முதல்வர் அறையில் கூட்டம். புள்ளியியல் அறிமுகப் பாடத்தை இணையவழிப் பாடமாக மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. "உங்களை விட்டா வேற யாரு மேடம்" என்றார். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். ஆனால் புதிதாக வரப்போகும் இணையவழிப் பிரிவுக்கு ஒரு தலைமை வேண்டுமாம். அதற்கென்று ஒதுக்கிய மூலை அறையைப் போகிற போக்கில் காட்டினார். இரண்டு பக்கமும் ஜன்னல். பாடம் தர மதிப்பாய்வில் தேறினால் அறை எனக்கு. அவர் வாயால் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரியக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும்.

கூடவே ஒரு வாலையும் ஒட்டிவிட்டார். பாட வடிவமைப்பாளர் என்று ஒரு பெண்மணி. பாடம் என்னுடையது; அதை எப்படிச் சொல்வது என்று அவள் எனக்குச் சொல்வாளாம். இருபத்தாறு வருடம் வகுப்பெடுத்தவளுக்கு! "ரொம்ப நல்லா இருக்கு மேடம், ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றுதான் ஆரம்பிக்கிறாள். அடிக்கிற அடியைப் பஞ்சில் சுற்றி அடிக்கிறாள். இனி இந்தக் குறிப்பில் அவள் பெயர் பஞ்சு.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் கேட்டாள், என்னக்கா கூட்டம் என்று. உனக்குப் புரியாது என்றேன். சரிக்கா என்று தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். என் தங்கையிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அது. இரண்டாவது கேள்வி கேட்க மாட்டாள்.

பிப்ரவரி 20

ஒரு வீடியோ ஆறு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாதாம். ஒரு மணி நேர வகுப்பைக் கீரைக்கட்டு மாதிரி கூறு போட்டு வைத்திருக்கிறாள் பஞ்சு. பாட நோக்கங்களில் 'மாணவர் புரிந்துகொள்வார்' என்று எழுதவும் கூடாது. புரிந்ததை அளக்க முடியாதாம். கணக்கிடுவார், ஒப்பிடுவார், வரைவார் என்றுதான் எழுத வேண்டும். அப்படியானால் நான் இத்தனை வருடம் புரியவைத்ததெல்லாம் என்ன கணக்கு என்று கேட்டேன். ரொம்ப நல்ல கேள்வி மேடம் என்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறேன். சின்னவள் பின்னால் துணி தேய்க்கிறாள். இஸ்திரிப் பெட்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறாள். பேசிப் பழக எனக்கு ஒரு சுவர் போதும். சுவருக்கு அவள் ஒன்றும் குறைச்சல் இல்லை.

மார்ச் 5

இன்று நன்றாக எழுதினேன். நெடுநாள் கழித்து.

பஞ்சு புதிதாக ஒன்று கேட்டாள். பாடம் எழுதும் முன் யாருக்காக எழுதுகிறோம் என்று கற்பனையாக ஓர் ஆளை உருவாக்க வேண்டுமாம். மாதிரி மாணவர். கெட்டிக்காரர் அல்ல, பாதியில் ஓடிப்போகக்கூடியவர். அந்த ஒருவரை ஓடவிடாமல் பிடித்து வைத்தால் மற்றவர்கள் தானாக நிற்பார்களாம். "கண்ணுல தெரியணும் மேடம், தெருவுல பாத்தா அடையாளம் சொல்ற மாதிரி."

இதற்குக் கற்பனை எதற்கு? வீட்டிலேயே ஒன்று உட்கார்ந்து சோறாக்கிக்கொண்டிருக்கிறதே. ஒரே மூச்சில் எழுதினேன். அழகாக வந்ததால் இங்கேயும் படி எடுக்கிறேன்:

'வயது முப்பத்தெட்டு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நின்றவள். எதையும் ஆசையாகத் தொடங்குவாள், எதையும் முடிக்க மாட்டாள். பாதி பின்னிய கம்பளிச் சட்டை, பாதி படித்த புத்தகம், பாதியில் விட்ட கல்யாணம். கத்தரிக்கோல் பக்கத்தில் இருக்கும்போதே நூலைப் பல்லால் கடிப்பாள். கேள்வி கேட்டால் சிரிப்பாள். அதையே இரண்டாவது முறை கேட்டால் அழுவாள். பழைய கல்லூரி அடையாள அட்டையைத் தையல் பெட்டியில் ஊசிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். தானும் படித்தவள் என்பதற்கு அவளிடம் மிஞ்சிய சாட்சி அதுதான். இரண்டு வாரம் ஒழுங்காக வருவாள். மூன்றாம் வாரம் காணாமல் போவாள். யாரும் தேட மாட்டார்கள்.'

பஞ்சு படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யார் மேடம் இது என்றாள். கற்பனை என்றேன். பெயர் வைக்க வேண்டுமாம். பெயரெல்லாம் எதற்கு, மூன்றாம் வாரத்துக்காரி என்று போடுங்கள் என்றேன்.

மார்ச் 6

கடைசி வரி இன்னும் காதில் இருக்கிறது. யாரும் தேட மாட்டார்கள். எனக்கு எழுத வரும் போலிருக்கிறதே!

மார்ச் 27

கல்லூரியில் எல்லோருக்கும் மூன்றாம் வாரத்துக்காரியைத் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் எதைப் பேசினாலும் அவள்தான். இந்தக் கணக்கு அவளுக்கு ஏறுமா? இந்தப் படம் அவளுக்குப் புரியுமா? ஒளிப்பதிவு செய்கிறவர்கூட, நான் வேகமாகப் பேசினால், மேடம் அந்தம்மா ஓடிருவாங்க என்கிறார். எல்லோரும் சிரிக்கிறோம். சின்னவளுக்கு வாழ்க்கையில் இவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை. அவளுக்கே தெரியாமல் கிடைத்திருக்கிறது, பாவம்.

ஏப்ரல் 16

பஞ்சுவின் அடுத்த யோசனை. "யாரும் தேட மாட்டாங்கன்னு எழுதியிருந்தீங்களே மேடம், நாம தேடுவோம்." யாராவது ஒரு வாரம் பாடத்தின் பக்கம் வரவில்லையென்றால் என் பெயரில் கணினியே ஒரு மின்னஞ்சல் அனுப்பும். வாசகத்தை நான் எழுத வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன்: 'ஒரு வாரமாக வரவில்லை. தொடர விருப்பமில்லையென்றால் இடத்தைப் பிறருக்கு விடவும்.' ரொம்பத் தெளிவா இருக்கு மேடம், ஒரே ஒரு சின்ன விஷயம் என்றாள். மத்தியானத்துக்குள் என் வாசகம் போய் அவள் வாசகம் வந்திருந்தது:

'ஒரு வாரமாக உங்களைக் காணவில்லை. பாடம் கடினமாக இருக்கிறதோ, வீட்டில் வேலை கூடிவிட்டதோ, தெரியவில்லை. எதுவானாலும் பரவாயில்லை. நீங்கள் விட்ட இடம் அப்படியே இருக்கிறது. வந்து உட்காருங்கள், அங்கிருந்தே தொடங்கலாம். உங்களால் முடியும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். காத்திருக்கிறேன்.'

அடியில் என் பெயர். மேலே மாணவரின் பெயரைக் கணினி போட்டுக்கொள்ளும். இதை நான் எழுதினேன் என்றால் என்னைப் பெற்றவளே நம்பியிருக்க மாட்டாள். இருக்கட்டும், மதிப்பாய்வில் இதற்கு மதிப்பெண் உண்டாம்.

ஜூன் 2

பாடம் திறந்தது. முன்படிப்பு எதுவும் தேவையில்லை, யாரும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்திருந்ததால் இருநூறுக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். பெயரைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது என்பது பஞ்சுவின் ஏற்பாடு. நானா பெயர் பார்த்துப் போடுகிறவள்? எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைப்பவள் நான்.

மதிப்பாய்வாளர் யார் என்றும் தெரிந்துவிட்டது. கணிதத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர், நான் வைத்த பெயர் சல்லடை. மாணவர் மாதிரி உள்ளே நுழைந்து ஒவ்வொரு பக்கமாகச் சலிப்பார். நல்லதைக் கீழே விட்டுக் கப்பியை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் மனிதர்.

ஜூன் 9

சின்னவளிடம் ஏதோ சரியில்லை. போனும் கையுமாக இருக்கிறாள். நான் உள்ளே வந்தால் திரையைக் கவிழ்க்கிறாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தைக்கிறாள், தனியாகச் சிரிக்கிறாள். இன்று பாலைத் தீய விட்டாள்.

ஜூன் 13

ஆள்தான். வேறென்ன இருக்க முடியும்? முப்பத்தெட்டு வயதில்! முதல் ஆள் விரட்டிவிட்டதும் இரண்டு பெட்டியோடும் ஒரு தையல் மிஷினோடும் இந்த வாசலில் வந்து நின்றாளே, அன்று கதவைத் திறந்தது யார்? சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனைக்குச் சூடும் பழகிவிட்டது போலிருக்கிறது.

ஜூன் 16

கேட்டேவிட்டேன். யாருடீ அது?

சிரித்தாள். அப்படியெல்லாம் இல்லக்கா என்றாள். இரண்டாவது முறை கேட்டேன். அழுதாள். நான் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி.

வீட்டு இணையத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அவள் போனில் வேறு இணைப்பு இல்லை. இந்த வீட்டில் இருக்கும்வரை இந்த வீட்டின் ஒழுங்குக்கு இருக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் யாராவது சொல்ல வேண்டாமா? அவள் ஒரு வாடிக்கைக்காரியின் சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டே இருந்தாள், ஒரே பித்தானை, கழற்றிக் கழற்றி.

ஜூன் 24

பஞ்சு கணக்கோடு வந்தாள். மூன்றாம் வாரம் திட்டவிலக்கப் பாடத்தில் பதினோரு பேர் காணாமல் போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் என் பெயரில் மின்னஞ்சல் போய்விட்டது. "எப்படி மேடம் அவ்வளவு சரியா சொன்னீங்க?" அனுபவம் என்றேன்.

வீட்டில், அளவு கொடுக்க முடியவில்லை, போனில் அனுப்பும் செய்தி எதுவும் போய்ச் சேரவில்லை என்று சின்னவளின் வாடிக்கைக்காரி ஒருத்தி படியேறி வந்து என்னிடமே சண்டை போட்டாள். மானம் போகிறது. கடவுச்சொல்லைக் கொடுத்துத் தொலைத்தேன்.

ஜூன் 25

காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சின்னவள் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். "அக்கா, நீ எழுதினதப் படிச்சேன்."

இந்த நோட்டைத்தான் படித்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை. போனை நீட்டினாள். பஞ்சுவின் மின்னஞ்சல். மேலே இவள் பெயர், கீழே என் பெயர்.

ஆளும் இல்லை, தேளும் இல்லை. என் பாடத்தில்தான் சேர்ந்திருக்கிறாள். நான் கண்ணாடி முன்னால் பேசிப் பேசிப் பழகியதைக் கேட்டே பாதி பாடம் தெரிந்திருந்ததாம். முடித்தபிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். முடிக்காவிட்டால் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும்.

அழுகிறாள். யாரும் இரண்டாவது முறை எதையும் கேட்காமலே. "எனக்கு இப்படி யாரும் எழுதினதில்லக்கா. நான்தான்னு தெரிஞ்சுதானே எழுதினே?"

ம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. அதுவும் இல்லை, பார்க்க நன்றாக இருந்தது. என்னை ஒருத்தி அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று? செலவில்லாமல் வந்த புண்ணியம், வைத்துக்கொண்டேன்.

ஜூலை 3

இப்போது ஒளிவு மறைவு இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு நோட்டோடு உட்காருகிறாள். சந்தேகம் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு முதலில் எரிச்சல் வருகிறது. சில தடவை அதோடு போய்விடுகிறது.

இன்று கேட்டாள்: சராசரி ஒன்றாகவே இருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி தினமும் ஒரே மாதிரி இருக்கிறாள், இன்னொருத்தி ஒருநாள் மேலே ஒருநாள் கீழே என்று இருக்கிறாள், அதைத்தானே திட்டவிலக்கம் காட்டுகிறது என்று. ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலைப் பல்லால் கடித்தாள்.

மோசமில்லை. கல்லூரியில் எனக்கு வாய்ப்பவர்களில் பாதிப் பேருக்கு இது வராது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

ஜூலை 11

மேசையில் நாங்கள் உட்காரும் நேரம் எனக்கு இப்போது கல்லூரியிலேயே நினைவு வருகிறது.

ஜூலை 19

தெரிந்துவிட்டது சங்கதி. வேறொரு ஊரில் பெரிய மருத்துவமனை. பதிவேட்டுப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். இந்தப் பாடத்தின் சான்றிதழ் இருந்தால் போதும், தங்க அறையும் தருகிறார்கள். மேசையில் புத்தகத்தைத் திறக்கும் முன் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாளாம்!

தாராளமாகப் போ என்றேன். இந்த வீடு என்ன சத்திரமா, வந்து தங்கித் தின்று மூட்டை கட்ட என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இவள் போனால் சமையல்? துணி? நான் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி? சொல்லிக் கொடுத்த வாய்க்குச் சூடு வைக்க வேண்டும். அக்கா நீதான் காரணம், நீ அந்த மெயில் போடலன்னா நான் விட்டிருப்பேன் என்கிறாள். நானா? நான் போட்டேனா? யாரோ போட்டதுக்கு நான் தனியாக் கெடக்கணுமா?

ஜூலை 22

சல்லடையின் அறிக்கை வந்துவிட்டது. எல்லாவற்றிலும் தேறியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. 'இந்தப் பாடம் யாருக்கானது என்று மாணவருக்கு எங்கும் சொல்லப்படவில்லை.' பார் அந்த மனிதரை. நாளைக்குள் ஒரு பக்கம் சேர்த்தால் முழுத் தேர்ச்சி, இல்லையென்றால் அடுத்த பருவத்தில் மறுபடி மதிப்பாய்வு. மூலை அறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பஞ்சு போனில் சொன்னாள், காலையில் வந்து புதிதாக ஒரு பக்கம் எழுதித் தருகிறேன் என்று. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் பழைய பக்கத்த மட்டும் திறந்துடாதீங்க மேடம். அது நம்ம உள்வேலைக்கு."

மாதிரி மாணவர் பக்கம் பாடத்துக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மாணவர் கண்ணில் படாது. அதன் பக்கத்தில் திறந்த கண் மாதிரி ஒரு சின்னப் படம். அதைத் தொட்டால் எல்லோருக்கும் தெரியும். 'இந்தப் பாடம் யாருக்கானது' என்று தலைப்பை மாற்றினேன். தொட்டேன். ஒரு நிமிட வேலை. பக்கம் ஆயிற்று, வர வேண்டாம் என்று பஞ்சுவுக்குச் செய்தி அனுப்பினேன். நாளை காலைவரை காத்திருந்து, அந்தப் பஞ்சு வந்து, ஒரே ஒரு சின்ன விஷயம் என்று இழுத்து… எதற்கு? கேட்டார், கொடுத்தேன். அதில் என்ன எழுதியிருந்தேன் என்று இப்போது யாருக்கு நினைவிருக்கிறது?

ஜூலை 23

முழுத் தேர்ச்சி. முதல்வர் கை குலுக்கினார்.

ஜூலை 24

பஞ்சு ஓடி வந்தாள். இந்த முறை நல்லா இருக்கு மேடம் என்று ஆரம்பிக்கவில்லை. பக்கத்தை மறைத்துவிட்டாளாம், ஆனால் ஒரு நாள் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது.

மாணவர் உரையாடல் பகுதியை எனக்குக் காட்டினாள். திட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. 'இது நான்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒருத்தி. 'நானும்தான்' என்று இன்னொருத்தி. வாகனம் ஓட்டுகிற ஒருவர், நான் ஆம்பளை, ஆனா நானும்தான் என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஒருவர் கேட்கிறார்: 'எல்லாருக்கும் ஒரே மெயில்தான் வந்ததா?' வரிசையாக ஆமாம், ஆமாம், ஆமாம். ஒருவர் முழுவதையும் எடுத்துப் போட்டிருக்கிறார். காத்திருக்கிறேன் என்பதுவரை.

யார் யார் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று பஞ்சுவின் கணினியில் பார்க்கலாம். வேண்டாம் என்றேன்.

வீட்டில் எப்போதும் போலச் சாப்பாடு. உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 26

சின்னவள் எப்போதும் போல மேசையைத் துடைக்கிறாள். நோட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாள்.

ஜூலை 31

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை அன்று பாடத்தின் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். யார் கண்டது?

ஆகஸ்ட் 3

நூலைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறாள்.

ஆகஸ்ட் 9

இன்று இறுதித் தேர்வு. கல்லூரிக்கே வந்து அங்குள்ள கணினியில் எழுத வேண்டும். சேர்ந்தே போகலாம் என்றேன், நானாகத்தான் சொன்னேன். பஸ்ஸில் போய்க்கிறேன்க்கா என்றாள். அடுப்பில் எனக்குப் பால் வைத்துவிட்டு, பையில் பேனாக்களைப் போட்டாள். தையல் பெட்டியைத் திறந்தாள். அந்தப் பழைய அடையாள அட்டையை எடுத்தாள், ஊசிகளுக்கு அடியிலிருந்து. என்னைப் பார்த்துக்கொண்டே குப்பைத் தொட்டியில் போட்டாள். கோபமாகப் போடவில்லை, நூல் துணுக்கைப் போடுவது மாதிரி.

"நல்லா எழுதியிருந்தேக்கா" என்றாள். "என்னை ஒருத்தி இவ்ளோ உன்னிப்பாப் பாத்திருக்கான்னு எனக்குத் தெரியாது. அந்த மெயில் வேற யாரோ எழுதிக் குடுத்தாங்க இல்ல? இது மட்டும்தான் நீ எழுதினது."

பால் பொங்குது பாரு என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

இவ்வளவு வருஷம் சோறு போட்டவளுக்கு இதுதான் மரியாதையா? என்ன பொய் எழுதிட்டேன்? ஒரு வரி பொய்னு சொல்லட்டுமே. எதையும் முடிச்சதில்லதானே? அழுவாதானே? தேட மாட்டாங்கன்னு… அது மட்டும் நடைக்காக எழுதினது. கேக்க நல்லா இருக்கேன்னு எழுதினது.

ஆகஸ்ட் 14

விடைத்தாள் திருத்துகிறேன். எல்லாம் திரையில், எல்லாம் தட்டச்சு, எல்லாம் எண்.

ஒரு தாளில் அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு கணக்கிலும் கேட்டதற்கு மேல் ஒரு வரி விளக்கம், தையல்காரி மடிப்புக்கு மேல் மடிப்பு வைப்பது மாதிரி. கடைசிக் கேள்விக்குப் பாதி பதில்தான். இவளேதான். வழக்கமாக விட்டுக்கொடுக்கும் இடத்திலெல்லாம் விட்டுக்கொடுக்கவில்லை. விதிப்படி போட்டேன். விதியில் இடமிருக்கும் அளவுக்குக் குறைத்தேன். தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் குறைவு. இன்னொரு முறை எழுதட்டும், அடுத்த பருவத்தில். அதுவரை வீடு இருக்கிறது, மேசை இருக்கிறது, சொல்லிக் கொடுக்க நான் இருக்கிறேன். இதில் என்ன கொடுமை?

ஆகஸ்ட் 21

முடிவுகளோடு பெயர்ப் பட்டியலும் வந்தது.

அவள் தேறிவிட்டாள். எழுபத்தொன்று. எந்தத் தாள் என்று தேடிப் போய்ப் பார்த்தேன். திருத்தியதே நினைவில்லை. சாதாரணத் தாள். தெளிவான நடை, ஒவ்வொரு கேள்விக்கும் அளவான பதில், கடைசிவரை முடித்த தாள். அதைப் படித்தபோது எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை.

நான் பிடித்தது வேறு ஒருவரை. வாகனம் ஓட்டுகிறவரை. நானும்தான் என்று எழுதினாரே, அவர். மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. இப்போது கூட்டிப் போட்டால் ஏன் என்று சல்லடை கேட்பார். அடுத்த முறை எழுதிக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 22

சான்றிதழைப் போனிலேயே எடுத்துக்கொண்டாள். அதில் என் கையெழுத்து இருக்கிறது. அதுவும் தானாக விழுவதுதான்.

ஆகஸ்ட் 30

போய்விட்டாள். வந்தபோது இரண்டு பெட்டி, போகும்போதும் இரண்டு பெட்டி. தையல் மிஷினை வாடிக்கைக்காரிக்கே கொடுத்துவிட்டாள். சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று எல்லா டப்பாவிலும் எழுதி ஒட்டியிருக்கிறாள். போய் வரேன்க்கா என்று சொல்லவில்லை. கிளம்பறேன்க்கா என்றாள். நான் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கும் இல்லை.

செப்டம்பர் 15

மூலை அறையில் முதல் நாள். இரண்டு ஜன்னலில் ஒன்று திறக்காது. முதல்வரும் சல்லடையும் வந்து வாழ்த்தினார்கள். பிற கல்லூரிகளுக்கு மாதிரியாகக் காட்ட என் பாடத்தை எடுத்திருக்கிறார்களாம். முக்கியமாக அந்த மின்னஞ்சல். இப்படி ஒரு தாயுள்ளம் உங்களிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாமல் போச்சே என்றார் சல்லடை. முதல்முறையாக நல்லதொன்றைக் கீழே விடாமல் பிடித்திருக்கிறார், அதுவும் நான் எழுதாததை.

பஞ்சு தன் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. வேறு துறைக்கு மாற்றம் கேட்டிருக்கிறாள் என்று கேள்வி.

அக்டோபர் 4

போன் எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்கிறது. மருத்துவமனையின் பொது எண்ணில் கூப்பிட்டால், பதிவேட்டுப் பிரிவில் வேலை நேரத்தில் பேச முடியாது என்கிறார்கள். வேலை நேரம் முடிந்தபின் அங்கே எடுக்க ஆளில்லை.

மின்னஞ்சல் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'எப்படி இருக்கிறாய்' என்று எழுதினேன். அழித்தேன். இருபத்தாறு வருடம் பேசியே பிழைத்தவள்.

அக்டோபர் 6

'நீ எழுதி ஒட்டியதில் சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் மாறியிருக்கிறது' என்று எழுதினேன். பொய். எல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறாள். அழித்தேன்.

வராதே, எனக்கொன்றும் குறையில்லை என்று எழுதினேன். அதையும் அழித்தேன். 'உன்னை' என்று ஆரம்பித்தால் அடுத்த சொல் என்ன என்று தெரியவில்லை. பஞ்சுவிடம் கேட்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்டால் எழுதித் தருவாள்.

அக்டோபர் 7

காலையிலிருந்து எழுதி எழுதி அழித்து, கடைசியில் பழைய பாடத்தைத் திறந்து, பஞ்சுவின் அந்த மின்னஞ்சலையே எடுத்துப் போட்டேன். உங்களை என்பதை உன்னை என்று மாற்றினேன், நீங்கள் என்பதை நீ என்று. 'ஒரு வாரமாக' என்பதை எடுத்துவிட்டேன். மற்றபடி அப்படியே. விட்ட இடம் அப்படியே இருக்கிறது. வந்து உட்கார். காத்திருக்கிறேன்.

இந்த முறை ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மை என்பதை அந்த மின்னஞ்சலில் எங்கே எழுதுவது?

அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 9

பதில் வந்துவிட்டது. நான் மூலை அறையில் இருந்தேன், புது மதிப்பாய்வு ஒன்றைப் படித்துக்கொண்டு. ஒரே ஒரு வரி.

'இது ஏற்கெனவே வந்துவிட்டது அக்கா.'

சாயங்காலம் மழை. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலையில் நான் உலர்த்திய துணியெல்லாம் கொடியிலேயே நனைந்து கிடந்தது.